முதல் நூலும் முச்சந்திப் பாட்டும்

(புன்னைக்காயலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. போர்த்துகல்லில் பிறந்து, 1540களில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, 1600இல் இங்கேயே கண்மூடிய அண்டிரிக் அடிகளார் என்னும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்தான் தமிழ் எழுத்தை அச்சேற்றிய முன்னோடி. அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வந்தது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரிந்த அடியார் வரலாறு வந்தது. அது அச்சான இடம் புன்னைக்காயல் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வேறு இடங்களைச் சொல்லும் அறிஞரும் உண்டு. எங்கே அச்சானாலும், அது இந்தக் கரை மக்களுக்காக எழுதப்பட்ட நூல் என்பதில் ஐயமில்லை. இவையெல்லாம் உங்களில் பலர் அறிந்தவை, ஊருக்குப் பெருமை சேர்ப்பவை. அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டு, அதற்கு அடுத்த கேள்வியை இன்று எழுப்ப விரும்புகிறேன். அச்சு இத்தனை முன்னதாக இந்தக் கரைக்கு வந்திருந்தும், இந்தக் கரை மக்கள் தாமே கட்டிப் பாடிய பாட்டு அச்சேற ஏன் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு ஆயிற்று?

இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம், அதே ஆண்டுகளில் இன்னொரு துறைமுக நகரத்தில் நடந்தது. லண்டனில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒற்றைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட பாட்டுகள் தெருவில் கூவி விற்கப்பட்டன. விலை ஒரு பென்னி. தாளின் தலைப்பில் ஒரு மரச்செதுக்குப் படம் இருக்கும், எந்த மெட்டில் பாட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், கீழே பாட்டு. கொலை, தூக்கு, புயல், பெருவெள்ளம், காதல், கணவன் மனைவி சண்டை, புனிதர் கதை, கடற்போர் என்று எல்லாம் பாட்டாயின. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை இங்கிலாந்தைத் தாக்க வந்த நாட்களிலேயே தாமஸ் டெலோனி அதைப் பற்றிப் பாட்டு எழுதி, அது உடனடியாக அச்சுக்குப் போனது. அச்சுத் தொழிலோர் கழகத்தின் பதிவேட்டில் 1557 முதல் ஒன்றரை நூற்றாண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவாகியிருக்கின்றன; பதிவாகாமல் விற்றவை இதில் சேரா. சாமுவேல் பெப்பீஸ் என்ற கடற்படை அதிகாரி ஒருவர் சேர்த்து வைத்த தாள்கள் மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். அவை இன்றும் கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரியில் இருக்கின்றன. அடியார் வரலாறு அச்சான 1586க்கும் அந்தக் கப்பற்படைப் பாட்டு வந்த 1588க்கும் இடையே இரண்டே ஆண்டுகள். ஒரே காலம், ஒரே வகை மர அச்சுப்பொறி. அங்கே தெரு பேசியது, இங்கே பேசவில்லை.

பேசுவதற்குச் செய்தி இல்லாமலா? 1530களில் இந்தக் கரை முழுவதும் மதம் மாறியது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1553இல் இந்தப் புன்னைக்காயலே தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கூடிய ஆண்டும் கூடாத ஆண்டும் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானித்தன. லண்டன் பாட்டுக்காரர் ஒருவர் இங்கே இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வந்திருக்கும். இந்த நிகழ்ச்சிகளை நாம் இன்று எதைக் கொண்டு அறிகிறோம்? ஏசு சபையார் ரோமுக்கு எழுதிய மடல்களைக் கொண்டு. போர்த்துக்கீசிய அதிகாரிகளின் கடிதங்களைக் கொண்டு. அவை விலைமதிப்பற்ற ஆவணங்கள். ஆனால் அவற்றில் பேசுகிறவர் வேறொருவர். பேசப்படுகிறவர் இந்த ஊர்க்காரர். தோணியை இழுத்தபோது அம்பாப் பாட்டுப் பாடிய வாய், ஊர் சூறையாடப்பட்ட நாளைப் பற்றி என்ன பாடியது என்பது நம்மிடம் இல்லை.

பாட்டு அச்சேறாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று காரணங்களை முதலில் பார்ப்போம். ஒன்று, படிக்கத் தெரிந்தவர் குறைவு என்பது. லண்டனிலும் பாட்டுத் தாளை வாங்கியவர்களில் பலர் படிக்கத் தெரியாதவர்கள்தான். விற்பவர் பாடிக் காட்டினார். வாங்கியவர் மெட்டோடு மனத்தில் ஏற்றிக்கொண்டார். தாளைக் குடிசைச் சுவரிலும் மதுக்கடைச் சுவரிலும் ஒட்டிவைத்தார். ஒருவர் படிக்க ஊரே கேட்பது இந்தக் கரைக்கும் புதிதன்று. அடியார் வரலாறே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்ற நூல். ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைமார் இருந்தார்கள். இரண்டாவது காரணம், தமிழ் எழுத்து வார்ப்பது கடினம், தாள் அரிது என்பது. உண்மைதான். ஆனால் அறுநூறு பக்கம் கோத்த கைகளுக்கு ஒரு பக்கம் கோப்பது கடினமா? அந்த ஒரு நூலின் உழைப்பில் பல நூறு ஒற்றைத் தாள்களை அச்சிட்டிருக்கலாம். மூன்றாவது காரணம், பாட்டே இல்லை என்பது. இதை யாரும் நம்ப மாட்டீர்கள். ஏட்டில் எழுதிய அம்மானைகள் இருந்தன. கத்தோலிக்கத் தமிழர் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது ஓலையில்தான் உலவியது, அச்சுக்கு வந்தது பிற்காலத்தில். ஆகவே பாட்டு இருந்தது, கேட்பவர் இருந்தார், பொறியும் இருந்தது. இல்லாதது வேறொன்று.

அந்த வேறொன்று, அச்சு ஒரு வாணிகமாக இருப்பது. இந்தக் கரையின் அச்சு ஏசு சபையின் பணிக்காக வந்தது. முத்துக்குளித்துறை மக்கள் அதற்குப் பொருளுதவி செய்தார்கள் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால் பணம் கொடுத்தவர் வாடிக்கையாளராக இல்லை, கொடையாளராக இருந்தார். எதை அச்சிடுவது என்பதைச் சபை முடிவு செய்தது. இதனால்தான் நமக்குக் கிடைத்துள்ள 16ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு முழுவதும் சமய நூல்களாக இருக்கிறது. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். லண்டனில் மட்டும் சுதந்திரம் இருந்ததா? அங்கும் அரசு உரிமம் இல்லாமல் அச்சிட முடியாது; 1557இல் பட்டயம் பெற்ற அச்சுத் தொழிலோர் கழகம் அந்தத் தொழிலைத் தன் பிடியில் வைத்திருந்தது; தணிக்கை கடுமையாக இருந்தது. மறுப்பு சரியானது. அதனால்தான் நான் சுதந்திரம் என்ற சொல்லால் இதை விளக்கவில்லை. லண்டன் அச்சகத்தார் கட்டுப்பட்டவர்கள், ஆனால் விற்றுப் பிழைப்பவர்கள். பெரிய நூல் அச்சாகி விற்று முதல் திரும்ப ஆண்டுகள் ஆகும். பாட்டுத் தாள் காலையில் அச்சாகி மாலையில் காசாகும். வயிற்றுப்பாடே அவர்களைத் தெருவின் காதுக்குப் பணிய வைத்தது. கட்டுப்பாடு எந்தப் பாட்டு வரக்கூடாது என்று சொல்லும். பாட்டை வரவழைப்பது சந்தை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சமயத்தையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்துவது என் நோக்கமன்று. 16ஆம் நூற்றாண்டு லண்டன் பாட்டுகளில் கணிசமானவை பக்திப் பாட்டுகளே என்பதை டெஸ்ஸா வாட் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். அண்டிரிக் அடிகளாரும் புலவருக்கு மட்டும் விளங்கும் நடையில் எழுதவில்லை. கரையோரப் பேச்சைக் காதில் வாங்கி எழுதினார். 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்த அடியார் வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் அதைக் காணலாம். மக்களுக்காகப் பேசிய அச்சு அது. மக்கள் தாமே பேசும் அச்சாக அது மாறவில்லை என்பதே நான் சொல்வது. பின்னர் வந்தவையும் அந்த வழியிலேயே சென்றன. 1713ஐ ஒட்டித் தரங்கம்பாடியில் மறைப்பணியாளர் சீகன்பால்கு தொடங்கிய அச்சகம் 1715இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. வேப்பேரி அச்சகமும் திருச்சபையின் கையில் இருந்தது. 1812இல் திருக்குறள் அச்சானபோது அது பெரிய திருப்பம்தான். ஆனாலும் அது புலவருலகின் திருப்பம். 1835இல் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்தில் வந்த சட்டம் அச்சக உரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன் பிறகே சென்னையில் தமிழர் நடத்தும் அச்சகங்கள் பெருகின. அவர்களில் பலருக்குச் சபையும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை வந்ததும் லண்டனில் நடந்தது இங்கும் நடந்தது.

சென்னையின் குஜிலிக் கடைத்தெருவின் பேரால் குஜிலிப் புத்தகங்கள் என்று அறியப்பட்ட மலிவு வெளியீடுகள் அப்போது வந்தன. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், மட்டமான தாள், காலணா, அரையணா, ஓரணா விலை. மங்கிய விளக்கிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கென்றே பெரிய எழுத்தில் அச்சிட்ட நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் வந்தன. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் இவற்றை எண்ணற்ற வீடுகளின் சொத்தாக்கின. அவற்றோடு கூடவே அன்றாடச் செய்தியைப் பாடும் சிந்துகளும் கும்மிகளும் தெம்மாங்குகளும் ஒப்பாரிகளும் வந்தன. பஞ்சம் வந்தால் பஞ்சக் கும்மி. வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. கொலை நடந்தால் கொலைச் சிந்து. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சமும், 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலையும், 1952இல் போட் மெயில் ரயிலில் பெட்டிக்குள் உடல் கண்டெடுக்கப்பட்ட ஆளவந்தார் கொலையும் இவ்வாறு பாட்டாயின. சந்தையிலும் திருவிழாவிலும் ரயில் நிலையத்திலும் நின்று பாடியே விற்றார்கள். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். அதன் பிறகு சென்னைத் தெருவின் பாட்டு தென்கோடிக்கு வரச் சில நாட்களே போதுமாயிற்று. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானசௌந்தரி அம்மானை மலிவு அச்சில் பரவியதும் இந்தப் பெருக்கின் ஒரு கிளையே.

லண்டன் தாளையும் குஜிலிப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியப்பூட்டும். இரண்டிலும் இசைக்குறிப்பு அரிது. மெட்டின் பெயர் மட்டும் இருக்கும். அங்கே தூக்குத் தண்டனைப் பாட்டுக்கென்றே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சோக மெட்டு இருந்தது. இங்கே நாடகப் பாட்டின் மெட்டு, பிறகு சினிமாப் பாட்டின் மெட்டு. தெரிந்த மெட்டில் தெரியாத செய்தி வந்தால் செய்தி உடனே நாவில் ஒட்டிக்கொள்ளும் என்பதை இரண்டு நாட்டுப் பாட்டுக்காரர்களும் அறிந்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே மரச்செதுக்குப் படம் பல கதைகளுக்கு முகப்பாக வரும். இரண்டிலும் குற்றவாளியே முன்வந்து புலம்பி, என்னைப் பார்த்துத் திருந்துங்கள் என்று முடிப்பார். ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. லண்டன் தாள்களில் பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இருக்காது. தமிழ்ப் புத்தகங்களில் பாட்டுக் கட்டியவர் தம் பெயரையும் ஊரையும் பெரும்பாலும் முகப்பிலேயே போட்டுக்கொள்வார். தம்மையும் புலவர் வரிசையில் வைத்து எண்ண வேண்டும் என்ற கோரிக்கை அந்த முகப்பில் இருக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லாததற்குக் காரணம் நம் தயக்கம். இவை இலக்கியமா என்று கேட்பார்கள். யாப்புப் பிழை மலிந்தவை, கொச்சையானவை, சில ஆபாசமானவை என்பார்கள். 1887இல் தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார், உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அதே ஆண்டுகளில், அதே சென்னையில், சில தெருக்கள் தள்ளித்தான் கொலைச் சிந்து அச்சாகிக்கொண்டிருந்தது. நம் அச்சு வரலாறு முதல் வரிசையை மட்டும் சொல்லிப் பழகிவிட்டது. சிலப்பதிகாரத்தின் பக்கத்தில் சிந்துவை வைத்து இரண்டும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். கவிதையாக அவை பெரும்பாலும் எளியவை, பல தோற்றவை. ஆனால் பாட வேண்டியதைப் படித்துவிட்டு மட்டம் என்பது நியாயமான தீர்ப்பில்லை. தாளில் நொண்டும் வரி மெட்டில் ஏறும்போது நிமிர்ந்து நிற்கும். மேலும், ஒரு நூலைப் பாதுகாக்க அது பேரிலக்கியமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கல்வெட்டுக்கு நாம் வைப்பதில்லையே. ஊர்க் கணக்கையும் நிலத்தின் எல்லையையும் சொல்லும் கல்லைக் காப்பாற்றுகிற நாம், ஊரின் அச்சத்தையும் ஆசையையும் சொல்லும் தாளைப் பழைய காகிதக் கடைக்குப் போடுகிறோம்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. இவை பொய் சொல்கின்றனவே, இவற்றை எப்படிச் சான்றாகக் கொள்வது? ஷேக்ஸ்பியரின் விண்டர்ஸ் டேல் நாடகத்தில் நம்பமுடியாத அதிசயங்களைப் பாட்டுத் தாளாக விற்கும் ஒரு வம்பன் வருகிறான். அச்சில் வந்தால் மெய்யாகத்தான் இருக்கும் என்று நம்பும் ஒரு பெண்ணும் வருகிறாள். லண்டனில் தூக்கிலிடும் நாளுக்கு முன்பே குற்றவாளியின் கடைசிப் புலம்பல் அச்சாகித் தயாராக இருக்கும். தமிழ்க் கொலைச் சிந்துகளும் வழக்கு முடியும்முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவதுண்டு. அதனால் உயிருள்ள மனிதர்களுக்குத் தீங்கும் நேர்ந்திருக்கும். இந்தக் குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் சான்று என்பது கேள்விக்கு ஏற்ப மாறும். கொலை செய்தவர் யார் என்று கேட்டால் நீதிமன்ற ஆவணத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கொலையைக் கேட்ட ஆயிரக்கணக்கானவர்கள் எதற்கு அஞ்சினார்கள், யாருக்காக இரங்கினார்கள், எதை அறமென்று எண்ணினார்கள் என்று கேட்டால், நீதிமன்ற ஆவணம் வாய் திறக்காது, சிந்துதான் பேசும். காசு கொடுத்து வாங்குபவருக்குப் பிடிக்காததைச் சொல்லியிருந்தால் அந்தத் தாள் விற்றிருக்காது. விற்ற தாள் ஒவ்வொன்றும் வாங்கியவரின் மனத்துக்குச் சாட்சி. ஏசு சபை மடலையும் இதே எச்சரிக்கையோடுதான் வாசிக்கிறோம்; அதுவும் ரோமில் இருப்பவர் கேட்க விரும்பியதை அறிந்து எழுதியதே.

இந்த மலிவுப் பாட்டுகளின் மதிப்பை நன்றாக உணர்ந்தவர்கள் ஆட்சியாளர்கள். 1640களில் இங்கிலாந்து நாடாளுமன்றம் பாட்டு விற்போரைப் பிடித்துத் தண்டிக்க ஆணைகள் இட்டது. இங்கே 1867இல் வந்த அச்சுச் சட்டம் சிறு புத்தகத்தையும் பதிவு செய்யச் சொன்னது. 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டமும் 1931ஆம் ஆண்டு அச்சு அவசர அதிகாரச் சட்டமும் தேசியப் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்யப் பயன்பட்டன. பகத் சிங் தூக்கிலிடப்பட்டபோது தமிழ்நாட்டுத் தெருக்களில் பாடப்பட்ட பாட்டுகள் தடைப்பட்டியலில் ஏறின. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆய்வில் மேடைப் பாட்டும் நாடகமும் விடுதலைப் போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றதை விளக்கியிருக்கிறார். நாளேட்டுத் தலையங்கம் எட்டாத இடத்துக்கு அரையணாப் பாட்டு எட்டியது. அதற்கு அஞ்சி அரசு பறிமுதல் செய்த பிரதிகளும், சட்டப்படி பதிவுக்கு வந்த பிரதிகளுமே இன்று ஆவணக்காப்பகங்களிலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. நாம் போற்றிக் காத்தவை குறைவு.

லண்டனை அளவுகோலாக வைத்து நம்மை அளப்பது அடிமைப் புத்தி அல்லவா என்று சிலர் கேட்கலாம். நமக்கு வாய்மொழி மரபு இருந்தது, அச்சு எதற்கு என்பது அவர்கள் வாதம். வாய்மொழி மரபின் ஆற்றலை மறுப்பவன் நானில்லை. கயத்தாற்றில் 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை நமக்குக் காத்துத் தந்தது கதைப்பாடலே. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை அந்தப் பாடலையும் முத்துப்பட்டன் கதையையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்து, மக்கள் பாட்டு வரலாற்றுச் சான்றாகும் என்று நிறுவினார். ஆனால் வாய்மொழி எதைக் காக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வீரனைக் காக்கும், தெய்வமானவரைக் காக்கும், கோயில் கொடையில் ஆண்டுதோறும் பாடுவதைக் காக்கும். சென்ற மாதப் புயலையும், சென்ற வாரம் கவிழ்ந்த தோணியையும், அரிசி விலையையும் அடுத்த தலைமுறைக்கு அது கொண்டுசேர்ப்பது அரிது. அன்றாடத்தைக் காப்பது மலிவான தாள்தான். லண்டனோடு ஒப்பிடுவதால் நாம் தாழ்வதில்லை. ஒரே பொறி இரண்டு கரைகளில் வேறுவேறாக வேலை செய்ததற்குக் காரணம் மொழியோ அறிவோ அன்று, உடைமை என்று தெளிவாகிறது. உடைமை மாறியதும் தமிழ்த் தெரு அதே வேகத்தில் பாடியதே, அதுவே இதற்குச் சான்று.

ஆகவே ஒரு சமூகத்தின் அச்சுப் பண்பாட்டை அதன் முதல் நூலை மட்டும் வைத்து அளக்கக்கூடாது. அது விற்ற மிக மலிவான தாளையும் வைத்து அளக்க வேண்டும். முதல் நூல், எழுத்து அச்சுக்கு வந்த நாளைச் சொல்லும். மலிவான தாள், அச்சு மக்களிடம் வந்த நாளைச் சொல்லும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே தமிழில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு இருந்தது என்பது நம் வரலாற்றின் முதன்மையான உண்மைகளில் ஒன்று. இந்த வரலாற்றுக்கு வேண்டிய பணியைச் சிலர் தொடங்கிவைத்திருக்கிறார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட முச்சந்தி இலக்கியம் இந்தப் பாட்டுகளுக்கு ஆய்வுலகில் இடம் வாங்கித் தந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய நூல்களோடு சிறு வெளியீடுகளையும் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தவை இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. அங்கே பெப்பீஸ் செய்ததை இங்கே செய்தவர் அவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ஆங்கிலப் பாட்டுத் தாள்கள் ஆயிரக்கணக்கில் படமெடுக்கப்பட்டு, மெட்டோடு பாடிப் பதிவு செய்யப்பட்டு, யாரும் காணலாம் கேட்கலாம் என்ற நிலையில் இருக்கின்றன. நம் சிந்துகளுக்கும் கும்மிகளுக்கும் அதே மரியாதை வேண்டும்.

அதில் இந்தக் கரைக்கென்று ஒரு கடமை உண்டு. மணப்பாடு முதல் வேம்பார் வரை உள்ள ஊர்களில், கோயில் அலமாரியிலும் வீட்டுப் பரணிலும், பழைய அம்மானைப் புத்தகங்கள், வாசாப்பு என்னும் கத்தோலிக்க நாடகங்களின் ஏடுகள், திருவிழாவில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இருக்கக்கூடும். அட்டை இல்லாததாக, செல்லரித்ததாக, முதற்பக்கம் தொலைந்ததாக இருந்தாலும் அவற்றை எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள்; எந்தப் பெட்டியில், யார் வீட்டில் இருந்தது என்று குறித்து வையுங்கள்; மெட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஏனெனில் மெட்டுப் போனால் பாட்டில் பாதி போயிற்று. பள்ளிகளும் ஊர்க் கமிட்டிகளும் இளைஞர் மன்றங்களும் சேர்ந்தால் இது கைக்கு எட்டாத வேலையில்லை. தமிழின் முதல் அச்சு நூல்களுக்குப் பொருள் கொடுத்த கரை இது. அன்று கொடையாளராக நின்ற மக்கள், இன்று தங்கள் பாட்டின் பதிப்பாளராகவும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.